யார்?

வியாழன் மாலை ஐந்தரை.
பகாவ் டவுனில் டயர் கடைக்கு மேல்மாடி,
கல்லூரி வாடகைக்கு எடுத்த அறை.
சன்னலைத் திறந்தால் பஸ் நிலையம்,
அதற்குப் பின்னால் எஸ்டேட் செம்பனை, கண் எட்டும் வரை.
கதவில் ஒட்டிய தாளில் 'எழுத்து உதவி';
யாரோ பேனாவால் கீழே சேர்த்திருக்கிறார்கள்:
'அவசரப் பிரிவு.'

நாலு பேர் வருவார்கள். மழை என்றால் இரண்டு.
தினகரிக்கு முற்றுப்புள்ளி மேல் நம்பிக்கை இல்லை,
ஒரே வாக்கியத்தில் சிரம்பான் வரை போய்த் திரும்புவாள்.
ஐனுல் முதல் வரியை ஒன்பது தடவை அடித்துவிட்டு
ரொட்டி வாங்கப் போய்விடுவாள்.
ஜுன் ஹோங் வருவது ஏர்கோனுக்கு.
அதை ஒளிக்கவும் மாட்டான்.

தர்வின் ஆலையில் பயிற்சி முடித்தவன்.
பழம் வேகும் வாடை
அவன் சட்டையோடு மாடி ஏறி வரும்.
பன்னிரண்டு பக்க அறிக்கை, ஆங்கிலத்தில்.
ஓரம் முழுக்கச் சிவப்பு மையில் ஒரே கேள்வி:
யார்? யார்? யார்?
பதினேழு. எண்ணி வைத்திருந்தான்.

'ஓப்பன்ட் வால்வ். ஸ்டீம் கேம் அவுட்.
ஃபெல் டவுன். வென்ட் டு கிளினிக்.'

"யார் விழுந்தது?" என்றேன்.
"நாந்தான் லா, மிஸ்."

எனக்கு ஒரே சந்தோஷம். நோய் பிடிபட்டுவிட்டது.
வெள்ளைப் பலகையில் எழுதினேன்: விழுந்தேன்.
பார், தமிழில் ஆள்
வினையின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவான்.
கடைசியில் இருக்கிற 'ஏன்', அதுதான் நீ.
மலாயில் வினைக்கு வாலே கிடையாது.
ஆங்கிலத்திலோ ஆள் முன்வாசலில் நிற்கவேண்டும்.
உன்னுடையது சோம்பல் இல்லை, தர்வின்,
உன் நான் இன்னும் வாலில் தொங்குகிறது.

மணிக்கு முப்பது வெள்ளி வாங்குகிறவள்
அன்று அறுபதுக்குப் பேசினேன்.
தினகரி கைகூடத் தட்டினாள்.

"அதெல்லாம் தெரியும், மிஸ்.
ஐ போட எனக்கு வராதா?
இந்த அறிக்கை ஆலை மேனேஜர் மேசைக்கும் போகும்.
ஐ ஓப்பன்ட் என்று போட்டால்
பிரஷர் இறங்குமுன்னே திறக்கச் சொன்னவர் எங்கே?
அந்த வாக்கியத்தில் அவருக்கு இடமே இல்லையே.
அண்ணன் அங்கேதான் லாரி ஓட்டுகிறான்."

சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினான்.
புதுத் தோல், பளபளவென்று,
திருத்தியவரின் மையைவிடக் கொஞ்சம் வெளிறி.

கீழே டயர் கழற்றும் எந்திரம் விட்டு விட்டு இரைந்தது.
தோன்றா எழுவாய் என்று படித்திருக்கிறேன்,
தேர்வில் முழு மதிப்பெண்.
தோன்றப் பயந்த எழுவாய்க்கு
எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை.
பலகையை அழிக்கப் போனேன்.
கை பாதியில் நின்றதில்
'ஏன்' மட்டும் மிஞ்சியது.

ஜுன் ஹோங் போனிலிருந்து தலை தூக்கினான்:
"வீ போடு லா."
எந்த வீ, என்றாள் ஐனுல். காமியா, கித்தாவா?
எங்களுக்கும் ரெண்டு இருக்கு, என்றாள் தினகரி,
நாங்கள் வேறு, நாம் வேறு.
ஆங்கிலத்தில் மட்டும்தான்
உள்ளே இருப்பவனும் வெளியே நிற்பவனும்
ஒரே குடையில்.
தர்வின் சிரித்தான், அன்றைக்கு முதல் தடவையாக.
"அப்போ நல்லதுதான்.
யாரை உள்ளே விட்டேன்னு அவங்களே யோசிக்கட்டும்."

ஏழரை வரை உட்கார்ந்தோம்;
சம்பளம் ஏழோடு நின்றது.
பதினேழில் பதினொன்றை நிரப்பினான்.
'சூப்பர்வைசர் சொன்னார்' ஓரிடத்தில் வந்தது.
அவனே எழுதினான், அவனே அடித்தான்,
திரும்ப எழுதினான்.
நான் காற்புள்ளி மட்டும் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து என் போனுக்கு ஒரு படம்.
சி பிளஸ்.
ஏழாம் பக்க ஓரத்தில், சிவப்பில்:
'யார் இந்த வீ?'
வேறு ஒரு வார்த்தையும் அவன் அனுப்பவில்லை.

பஸ் நிலையத்தில் நின்றபடி
பதில் அடிக்கத் தொடங்கினேன்:
நானும்

வினை இன்னும் கிடைக்கவில்லை.